தண்ணித்தொட்டி எடம் மாறக்கூடாது

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு தம்பி போன் பண்ணி, "அக்கா, உங்க தோட்டத்துல கண்ணு தெரியாத குதிரை ஒண்ணு இருக்குதாமே, ஒரு பொம்பளைக்கும் அவங்க கண்ணு தெரியாத குதிரைக்கும் நடுவுல நடக்கற குடும்பக்கதை ஒண்ணு சினிமாவுக்காக எழுதி வச்சிருக்கேன், வந்து பார்க்கலாமா"ன்னு கேட்டப்ப, நான் நம்பவே இல்லீங்க. மேட்டுக்காட்டு பசங்க எவனோ குரல மாத்தி கிண்டல் பண்றான்னு நெனச்சு போனை வச்சுட்டேன். மறுக்கா அடிச்சாரு. மூணாவது தடவை எங்க வீட்டுக்காரரு எடுத்து "வாங்க தம்பி, காப்பித்தண்ணி குடிச்சுட்டு போங்க"ன்னு சொல்லிட்டாரு. அப்படி வந்தவங்க பதினோரு நாள் எங்க தோட்டத்துலயே கெடந்தாங்க. அந்தப் பதினோரு நாள்ல நான் கத்துக்கிட்டதும், அவங்க கத்துக்கிட்டதும், அதுக்கு முன்னாடி செம்பா எனக்குக் கத்துக்குடுத்ததும் எல்லாத்தையும் சேர்த்து எழுதறேன். குதிரை வளர்க்கறவங்களுக்கும் ஆகும், மிருகத்த வச்சுப் படம் எடுக்கணும்னு ஆசப்படற பசங்களுக்கும் ஆகும்.

செம்பா யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். எங்கூரு அந்தியூருக்கும் பவானிக்கும் நடுவுல. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவுக்கு புதுப்பாளையத்துல குதிரைச்சந்தை கூடும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மார்வாரி, கத்தியவாரின்னு குதிரை ஜாதியெல்லாம் வடக்க இருந்து லாரியில வந்து எறங்கும். 2014 சந்தையில எங்க வீட்டுக்காரரு ஒரு செவலப் பெட்டையப் பார்த்துட்டு அங்கயே நின்னுட்டாரு. அஞ்சு வயசு இருக்கும். கத்தியவாரி கலப்பு, காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனி ஒண்ணோட ஒண்ணு தொடற மாதிரி நிக்கும். சுழி பார்க்கறவரு கழுத்துச் சுழி நல்லா இருக்குதுன்னு சொல்ல, தரகரு துண்டுக்குள்ள கைய விட்டு விரல் புடிச்சு வெல பேச, நான் பையனுக்கு ஐஸ் வாங்கிக் குடுத்துட்டு திரும்பி வர்றதுக்குள்ள வாங்கி முடிச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் கோவத்துல நான் ஒரு மாசம் அது கிட்டப் போகல. அப்புறம் அவரு வேலைக்குப் போயிட்டா கொள்ளு ஊறப்போடறது, தண்ணி காட்டறது, சாணி அள்ளறது எல்லாம் என் தலையில விழுந்துச்சு, அப்படியே பழகிப்போச்சு. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேசத்துக்கும் செம்பாவ வாடகைக்குக் கேட்டு வருவாங்க, அதுல அது கொள்ளுக்காசை அதே சம்பாரிச்சுக்கும்.

2017 ஐப்பசியில, நல்ல மழைக்காலம், இடது கண்ணுல தண்ணி வடிஞ்சுது. தூசின்னு நெனச்சேன். மூணாவது நாள் வெயில்ல நிறுத்தி உத்துப் பார்த்தா கருவிழிக்குப் பின்னாடி வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு நெளியுது. நெசமாவே நெளியுதுங்க, மீன்தொட்டிக்குள்ள புழு போற மாதிரி. எனக்குக் கையெல்லாம் வெலவெலத்துப் போச்சு. பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தரு "இது கண்ணுப்பாம்பு, புகையிலையும் உப்பும் மென்னு துப்பு, வெளிய வந்துரும்"ன்னாரு. இன்னொருத்தரு பச்சிலைச்சாறு. மாட்டுக்கு நாங்க அப்படித்தான் பண்ணிப் பழக்கம், அதனால நாலு நாள் அதையே பண்ணுனோம். அந்த நாலு நாள எனக்கு யாராச்சும் திருப்பிக் குடுத்தா நான் என்ன வேணாலும் குடுப்பேன். அப்புறம் வண்டி புடிச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். அங்க ஒரு டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. இது செட்டேரியான்னு ஒரு புழு, மாட்டு வயித்துக்குள்ள இருக்கும், மாட்டை பெருசா ஒண்ணும் பண்ணாது, கொசு மாட்டைக் கடிச்சுட்டு குதிரையக் கடிச்சா குதிரைக்குள்ள வழி தெரியாம சுத்தி கண்ணுக்குள்ள போயிரும். மயக்க ஊசி போட்டு நின்ன வாக்குலயே கருவிழியில சின்னதா ஒரு ஓட்டை போட்டு, கண்ணுத்தண்ணியோட புழுவ வெளிய எடுத்தாங்க. புழு வந்துருச்சு. ஆனா கண்ணு அதுக்குள்ள நீலம் பூத்துப் போயிருந்துச்சு, பார்வை திரும்பல.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்றேன். மாடும் குதிரையும் ஒரே கொட்டாயில கட்டியிருக்கறவங்க மழைக்காலத்துல சாயந்திரம் கொசுவுக்கு மூட்டம் போடுங்க, முடிஞ்சா கொசுவலை கட்டுங்க. குதிரைக்கு கண்ணுல தண்ணி வந்தா, கண்ணைச் சுருக்குனா, வெளிச்சத்துக்குக் கூசுனா, அது அவசரம். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடற விசயமே இல்ல. வீட்டுல பழசா கெடக்கற கண்ணு மருந்து எதையும் ஊத்தாதீங்க. டாக்டரம்மா ஒரு பச்சைச்சாயம் ஊத்திப் பார்த்துட்டுத்தான் மருந்து எழுதுனாங்க, என்னன்னு கேட்டேன், கருவிழியில புண்ணு இருந்தா சாயம் அங்க ஒட்டிக்குமாம், புண்ணு இருக்கறப்ப ஸ்டீராய்டு மருந்து ஊத்துனா கண்ணே ஓட்டையாகிப் போற அளவுக்குப் போகுமாம். அதத் தெரியாம எத்தன பேரு ஊத்தறாங்களோ.

ஒத்தக் கண்ணோட ஒரு வருசம் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் வலது கண்ணு. இந்தத் தடவை புழு இல்ல, விட்டு விட்டு வர்ற கண்ணு அழற்சி. வரும், பத்து நாள் மருந்து ஊத்துனா தெளியும், ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் வரும். அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க இது நெலா வளர்றப்ப தேயறப்ப வருதுன்னு நம்பி நிலாக்குருடுன்னு பேரு வச்சாங்களாம். எலிக்காய்ச்சல் கிருமிக்கும் இதுக்கும் தொடர்பு உண்டுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்களுது வாய்க்கால் பாசனம், எலிக்குப் பஞ்சமே இல்ல. ஒவ்வொரு தடவை வந்துட்டுப் போறப்பவும் கொஞ்சம் பார்வைய எடுத்துட்டுப் போகும். 2019 கார்த்திகையில ஒரு நாள் காலையில கொள்ளு வாளியோட போறேன், வழக்கமா தூரத்துலயே என்னைப் பார்த்துக் கனைக்கறவ, அன்னிக்கு வாளிச்சத்தம் கேட்டப்புறம்தான் தலையத் திருப்புனா. அப்பத் தெரிஞ்சுது.

இப்பக் குடும்பக்கதை. கண்ணு போன குதிரைய ஊர்வலத்துக்கு எவனும் கூப்பிட மாட்டான், அபசகுனம்பாங்க. வருமானம் நின்னுச்சு. அந்த வருசம் மஞ்சளுக்கு வெல இல்ல, சொசைட்டிக் கடன் வேற. எங்க அத்தை "குருட்டுக் குதிரைக்குக் கொள்ளு போட்டு கோட்டையா கட்டப்போற"ன்னு வாசல்ல உக்காந்து தெனமும் பாடுவாங்க. ஒரு தரகரு வந்து, குட்டி எடுக்கறதுக்கு ஒருத்தரு கேக்கறாருன்னு ஒரு வெல சொன்னாரு. சொன்ன வெலையப் பார்த்தா குட்டி எடுக்கறதுக்குக் கேட்ட மாதிரி தெரியல. எங்க வீட்டுக்காரரு சரின்னாரு. நான் முடியாதுன்னேன். மூணு நாள் பேச்சுவார்த்தை இல்ல, பையன் நடுவுல நின்னு "அப்பா, அம்மா சாப்பிட வரச்சொல்லுது", "அம்மா, அப்பா அப்புறம் சாப்பிடறாராம்"ன்னு தந்தி அடிச்சுக்கிட்டு இருந்தான்.

அவரு கெட்டவரு இல்லீங்க. கணக்குப் போட்டா அவரு சொன்னதுதான் சரி. என்னோட பக்கம் கணக்கே இல்ல, சும்மா முடியாதுன்னேன், அவ்வளவுதான். நாலாவது நாள் காலையில தரகரு வண்டியோட வந்தாரு. இவரு செம்பாவ அவுத்துக்கிட்டு வண்டிப் பலகை வரைக்கும் போனாரு. செம்பா பலகைக்கு முன்னாடி நின்னு மூக்கை நீட்டி மோந்துட்டு, காதைப் பின்னாடி, அதாவது இவரு பக்கம் திருப்பி, அப்படியே நிக்குறா. ஏறட்டுமா வேண்டாமான்னு இவருகிட்டக் கேக்கற மாதிரி. இவரு ரெண்டு நிமிசம் நின்னாரு. அப்புறம் தரகருகிட்ட டீசலுக்குக் காசக் குடுத்து அனுப்பிட்டாரு. அதுக்கு மேல அதைப்பத்தி வீட்டுல யாரும் பேசுனதில்ல, அத்தை மட்டும் பாட்டை நிறுத்தல.

கண்ணு தெரியாத குதிரைய வச்சிருக்கறது நெனைக்கற அளவுக்குக் கஷ்டம் இல்ல. ஆனா நம்ம பழக்கத்த மாத்தணும், குதிரை மாறிக்கும், நாமதான் மாற மாட்டோம். மொதல் மாசம் எங்க வீட்டுக்காரரு தண்ணித்தொட்டியக் கழுவறதுக்காக நாலடி தள்ளி வச்சுட்டு, வேற வேல வந்து அப்படியே மறந்துட்டுப் போயிட்டாரு. செம்பா பழைய எடத்துக்கு வந்து தலையக் குனிஞ்சா தொட்டி இல்ல, திரும்பி நடந்தவ முட்டியில தொட்டி முனை அடிச்சு, ஒரு வாரம் நொண்டுனா. அதுல இருந்து எங்க வீட்டுல ஒரு சட்டம்: தொட்டி, தீனிக்கூடை, கட்டுத்தறி மூணும் எடம் மாறக்கூடாது. சொந்தக்காரங்க வந்து சைக்கிள லாயத்துக்கிட்ட சாத்துனாக்கூட இவரு ஓடிப்போய் எடுப்பாரு.

அப்புறம் கம்பிவேலி. முள்ளுக்கம்பி மூணு வரிச எல்லாத்தையும் உருவிட்டு மூங்கில் வேலி போட்டோம். சொவத்து முனை, ஆணி, தாழ்வாத் தொங்கற வேப்பங்கெளை, எல்லாத்தையும் கண்ண மூடிக்கிட்டு நானே தடவிப் பார்த்து எடுத்தேன், சிரிக்காதீங்க, கண்ணத் தொறந்துக்கிட்டுப் பார்த்தப்ப தெரியாத ஆணி அப்பத்தான் தெரிஞ்சுது. எதெல்லாம் முட்டுமோ அங்கெல்லாம் பழைய டயரும் சாக்கும் கட்டுனோம். வேலிக்கு உள்பக்கம் சுத்தியும் ஆறேழு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டுனோம். மண்ணுல நடந்து வர்றவளுக்கு குளம்புல கல்லு பட்டா, ஓஹோ வேலி வரப்போகுதுன்னு தெரிஞ்சுரும். இந்த யோசனை நாமக்கல்ல அந்த டாக்டரம்மா சொன்னது. ஜல்லி கொட்டுனது இவருதான், வீடு கட்டற எடத்துல மிச்சம் கெடந்தத டிராக்டர்ல அஞ்சு நடை. கெணத்து மேட்டுப் பக்கம் மட்டும் பத்தடி அகலமாப் போட்டாரு. "இது எதுக்கு இவ்ளோ"ன்னு கேட்டேன். பதில் சொல்லல.

பேச்சு ரொம்ப முக்கியம். குதிரைக்கு ரெண்டு கண்ணும் பக்கவாட்டுல இருக்கறதால நல்லாக் கண்ணு தெரியறப்ப 350 டிகிரி வரைக்கும் பார்க்கும், நெத்திக்கு நேர் முன்னாடியும் பின்னாடியும்தான் கொஞ்சம் தெரியாது. அப்படி சுத்தியும் பார்த்துப் பழகுன ஜீவன் ஒண்ணுமே தெரியாம நிக்கறப்ப நாம சத்தமில்லாமப் போய் தொட்டா ஒதைக்காம என்ன பண்ணும்? நான் வாசல் தாண்டுறப்பவே "வர்றேன் சாமி, வர்றேன்"ன்னு சொல்லிக்கிட்டேதான் போவேன். கிட்டப் போனா மொதல்ல தோள்பட்டையில கை, அப்புறம்தான் மத்த எடம். மேடு வந்தா "படி", பள்ளம்னா "எறக்கம்", நிக்கணும்னா "ஓ...". ஒரே வார்த்தை, வீட்டுல எல்லாரும் அதே வார்த்தை. லாடம் அடிக்கறவரு வந்தாலும் அவருக்கும் சொல்லிக்குடுத்துருவேன், கால் தூக்கறதுக்கு முன்னாடி தோள்ல இருந்து கைய எடுக்காம கீழ வரைக்கும் தடவிக்கிட்டே போயி "காலு"ன்னு சொல்லோணும்னு. தொணைக்கு ஒரு வெள்ளாடு, கழுத்துல மணி. மணிச்சத்தம் எங்க போகுதோ செம்பா அங்க போவா. ரேடியோ சத்தமா வைக்க மாட்டோம், காதுதான கண்ணு. ஆடிக்காத்து அடிக்கற நாள்ல மட்டும் பதட்டமா இருப்பா, எந்தச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரியாதுல்ல, அன்னிக்கு லாயத்துக்குள்ளயே கட்டிருவேன்.

இப்ப சினிமாக்காரங்க.

அந்தத் தம்பி நல்ல பையன்தான், பல படத்துல அசிஸ்டெண்டா இருந்துட்டு மொதல் படம் பண்றாரு. வந்தவுடனே போன்ல ஒரு வீடியோ காட்டுனாரு. அமெரிக்காவுல ஒரேகான்ல மார்கன் வாக்னர்னு ஒரு பொம்பளை, அவங்க குதிரை எண்டோ, ரெண்டு கண்ணையும் ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு, அந்த எடம் தோல் மூடி இருக்குது, அந்தக் குதிரை 2022ல 106 சென்டிமீட்டர் தாண்டி கின்னஸ்ல வந்திருக்குது. நான் அத நாலு தடவ திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தாண்டுறதைப் பார்க்கலீங்க, அந்தப் பொண்ணு எந்த நேரத்துல குரல் குடுக்குறா, எந்த நேரத்துல வாய மூடிக்கிறான்னு பார்த்தேன்.

தம்பிக்கு செம்பாவையே நடிக்க வைக்கணும்னு ஆசை. ஆனா படத்துல மிருகம் வரணும்னா சும்மா கேமராவத் தூக்கிக்கிட்டு வர முடியாதுங்க. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம், அதுக்குக் கீழ 2001ல நடிக்கற மிருகங்களப் பதிவு பண்றதுக்கு தனி விதி. மிருகம் பதிவு பண்ணியிருக்கணும், ஷூட்டிங்குக்கு முன்னாடியே விலங்கு நல வாரியத்துக்கு எழுதி அனுமதி வாங்கணும், கால்நடை டாக்டர் உடம்பு நல்லா இருக்குதுன்னு சர்டிபிகேட் குடுக்கணும், எல்லாம் முடிஞ்சு அவங்க ஆட்சேபணை இல்லன்னு சொன்னாத்தான் சென்சார்ல படம் நகரும். அந்த வாரியம் 1962ல ருக்மிணி தேவி அருண்டேல் அம்மா தலைமையில மெட்ராஸ்லதான் ஆரம்பிச்சது, தம்பி இன்னும் அங்கதான் இருக்குதுன்னு நெனச்சு இருந்திருக்காரு, 2018லயே ஹரியானா பல்லப்கருக்குப் போயிருச்சு. பேப்பரு அனுப்பி, சந்தேகம் கேட்டு, திரும்ப அனுப்பின்னு நாள் போயிக்கிட்டே இருந்துச்சு. படம் எடுக்கற பசங்களுக்கு இதத்தான் சொல்வேன்: நடிகர் தேதிய அப்புறம் வாங்குங்க, மொதல்ல குதிரைக்குப் பேப்பர் வாங்குங்க.

எங்கூரு கால்நடை டாக்டர் செம்பாவப் பார்த்துட்டு, "வயசுக்கு நல்லா இருக்குது, காலு நல்லா இருக்குது, ஆனா லைட்டு, ஜெனரேட்டரு, நாப்பது பேரு நடுவுல நிக்க வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னு சொல்லிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி. கடைசியில சென்னையில இருந்து பதிவு பண்ணின, கண்ணு நல்லாத் தெரியற ஒரு செவலக் குதிரைய வரவழைச்சாங்க. அதாவது கண்ணு தெரிஞ்ச குதிரை கண்ணு தெரியாத மாதிரி நடிக்கணும். நான் அதுக்கு வாத்தியாரு, சம்பளம் தெனம் ஆயிரம் ரூவாயும் மூணு வேளை சாப்பாடும், சமைச்சதும் நான்தான்!

மொத ரெண்டு நாள் அந்தக் குதிரை நல்லா ஜம்முன்னு நடந்து வந்துச்சு. கேமராமேன் கண்ணையே குளோசப் வச்சாரு, கண்ணுல லென்ஸ் போடலாமா, பவுடர் தடவலாமான்னு பேச்சு ஓடுச்சு, நான் கிட்டவே விடல, கம்ப்யூட்டர்ல பண்ணிக்கோங்கன்னுட்டேன். அப்புறம் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போய் செம்பா முன்னாடி அரை மணி நேரம் சும்மா உக்கார வச்சேன். "கண்ணப் பார்க்காத தம்பி, காதைப் பாரு"ன்னேன். செம்பாவோட வலது காது ஆட்டுமணி போற பக்கம், இடது காது நாங்க பேசற பக்கம். தூரத்துல பஸ் ஹார்ன் அடிச்சா ரெண்டும் ஒரே நேரத்துல முன்னாடி வந்து, மறுபடியும் பிரிஞ்சு போகும். நடக்கறப்ப முன்னங்காலை தேவைக்கு மேல ஒரு சாண் ஒசத்தித் தூக்கி, கீழ வைக்கறப்ப மெதுவா வச்சு, தரை இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் பாரத்தைப் போடுவா. மூக்கு எப்பவும் தாழ்வா, மூக்கைச் சுத்தி இருக்கற நீட்டு முடி தரையத் தடவிக்கிட்டே வரும். தம்பி அப்படியே வாயப் பொளந்துட்டாரு.

அந்த சென்னைக் குதிரைக்கு மூக்கு முடியெல்லாம் அழகுக்காக வெட்டி விட்டிருந்தாங்க. அதான் அதுக்கு விரல், அத வெட்டலாமான்னு கேட்டேன். கூட வந்த பையன் "எல்லாரும் வெட்டறதுதானக்கா"ன்னான். தம்பி தேடிப் பார்த்துட்டு, சர்வதேச குதிரையேற்றப் போட்டிகள்ல 2021 ஜூலையில இருந்தே மூக்கு முடி வெட்டுன குதிரைய சேர்த்துக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. நான் படிக்காதவ, ஆனா எனக்கு அது முன்னாடியே தெரியும்னு அன்னிக்கு ஒரு கெத்து காட்டுனேன்.

சரி, எப்படி நடிக்க வச்சோம்னா, காலை ஒசத்தித் தூக்கறதுக்கு, கேமராவுக்குத் தெரியாத மாதிரி புல்லுக்குள்ள மூங்கில் கழிய ரெண்டு ரெண்டு அடி தள்ளிப் போட்டோம், கழியத் தாண்டித் தாண்டிப் பழகுன குதிரை, கழிய எடுத்தப்புறமும் அஞ்சாறு எட்டு ஒசரமாவே வச்சுது, அதுதான் ஷாட். மூக்கு தாழ்றதுக்கு வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வெல்லம் கலந்த தவிடு. காது பிரிஞ்சு நிக்கறதுக்கு ஒருபக்கம் நான் கொள்ளு டப்பாவக் குலுக்குவேன், எதிர்ப்பக்கம் என் பையன் மெதுவா விசில் அடிப்பான். சாட்டை, கயிறு கட்டித் தடுக்கி விழ வைக்கறது எதுவும் கெடையாது. தடுக்கி விடற கம்பி, குழி இதெல்லாம் விதியிலயே கூடாதுன்னு இருக்குது. தம்பி சொன்னாரு, 1939ல ஹாலிவுட்ல ஒரு படத்துக்காக குதிரைய மலை உச்சியில இருந்து தண்ணிக்குள்ள தள்ளிக் கொன்னுட்டாங்களாம், அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம்தான் அங்க ஷூட்டிங் எடத்துல மிருகத்துக்குன்னு ஆள் நின்னு பார்க்க ஆரம்பிச்சாங்களாம்.

ஹீரோயின் பொண்ணும் நல்ல பொண்ணு, ஆனா மொத நாள் அழுதுக்கிட்டே ஓடிவந்து குதிரை கழுத்தக் கட்டிப் புடிக்கற மாதிரி சீன். நான் நடுவுல போய் நின்னுட்டேன். "கண்ணு, கண்ணு தெரியாத குதிரைகிட்ட எவளும் ஓடி வரமாட்டா. ஓடி வந்தா அது இவள ஏறி மிதிச்சுட்டுப் போயிரும். தூரத்துல இருந்தே பேசிக்கிட்டு வா." அப்படியே மாத்துனாங்க. பத்தடி தள்ளி நின்னு, "வர்றேன் சாமி"ன்னு சொல்லி, குதிரை காது திரும்பற வரைக்கும் காத்துக்கிட்டு, அப்புறம் ஒரு எட்டு. ஓடிவந்து அழுததை விட இதுதான் எனக்கு அழுகை வர வச்சுது, கட் சொன்னப்புறம் யாருக்கும் தெரியாம முந்தானையில தொடச்சுக்கிட்டேன்.

ஏழாவது நாள்தான் வெனை. டிரோன் கொண்டு வந்திருந்தாங்க. சாயந்திர வெயில் நல்லா இருக்குது, செம்பா தன் பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கா, தம்பி "சும்மா டெஸ்ட்டுக்கா, மேல இருந்து ஒரு தடவை, படத்துல வராது"ன்னாரு. நான்தான் சரின்னேன், யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். டிரோன் கெளம்பி செம்பா தலைக்கு மேல போச்சு. இத்தன வருசத்துல அவளுக்கு சத்தம்னா முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டு, அவ்வளவுதான். தலைக்கு மேல இருந்து, அதுவும் எறங்கிக்கிட்டே வர்ற சத்தத்தக் கேட்டதே இல்ல. காது ரெண்டும் சுத்துது, எந்தப் பக்கமும் நிக்கல. அப்படியே கெளம்பிட்டா. கெணத்து மேட்டுப் பக்கம்.

எனக்குக் குரலே வரல. "ஓ"ன்னு சொல்லணும், வாய் தொறக்குது, காத்துதான் வருது. ஆடு ஒருபக்கம் கத்துது, அம்பது பேரு அம்பது விதமா கத்துறாங்க, அது அவளுக்கு இன்னும் பயம். நாலு கால் பாய்ச்சல்ல போனவ, ஜல்லியில முன்னங்கால் பட்ட ஒடனே, ஒடம்பு முன்னாடி போகுது, பின்னங்காலை மடக்கி உக்கார்ற மாதிரி சறுக்கிக்கிட்டே, கல்லு தெறிக்க, வேலி மூங்கில்ல நெஞ்சு ஒரசற எடத்துல நின்னுட்டா. வேலிக்கு அந்தப் பக்கம் பன்னெண்டு அடியில கெணறு. ஆறடி ஜல்லியா இருந்திருந்தா நின்னுருக்க மாட்டா. எங்க வீட்டுக்காரரு அங்க பத்தடி போட்டிருந்தாரு.

அவரு ஓடல. மெதுவா, "வர்றேன் சாமி, வர்றேன்"ன்னு சொல்லிக்கிட்டே போய் தோள்ல கைய வச்சாரு. அவரு அப்படி சொல்லி நான் அதுவரைக்கும் கேட்டதில்ல, நான் இல்லாதப்ப சொல்லுவாரு போல. பின்னங்கால்ல தோல் உரிஞ்சு ரத்தம், அவ்வளவுதான். அன்னிக்கு ஷூட்டிங் அதோட முடிஞ்சுது. தம்பி ராத்திரி சாப்பிடல. டிரோன டப்பாவுல போட்டு மறுநாளே ஊருக்கு அனுப்பிட்டாரு. மிருகம் இருக்கற எடத்துல டிரோன் பறக்க விடாதீங்க, விட்டாலும் ரொம்பத் தூரத்துல இருந்து, நாள்கணக்குல பழக்கிட்டு விடுங்க, கண்ணு தெரியாததுன்னா விடவே விடாதீங்க.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில உக்காந்து தம்பிகிட்ட ஒண்ணு கேட்டேன். அவரு கதையில புருசன் வில்லன். குடிச்சுட்டு வந்து குதிரைய விக்கறேன்னு கத்துவான், அடிப்பான், கடைசியில திருந்துவான். "தம்பி, குதிரைய விக்கணும்னு சொன்ன ஆளுதான் இன்னிக்கு அவள நிறுத்துனாரு. அவரு குடிக்கறதும் இல்ல, திருந்தவும் இல்ல, இன்னும் மாசாமாசம் கொள்ளுச்செலவு நோட்டுல எழுதி எங்கிட்டக் காட்டறாரு. அந்த ஆள எழுது"ன்னேன். தம்பி ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தாரு. மறுநாள் மூணு சீனைக் கிழிச்சுட்டு, ஒரு மனுசன் ராத்திரியில தனியா ஜல்லி கொட்டற சீன் எழுதுனாரு. வசனமே இல்ல. எதுக்கு இங்க மட்டும் அகலமாப் போடறான்னு படத்துல யாரும் கேக்க மாட்டாங்க.

போன மாசம் எடிட்டிங் முடிஞ்சு லேப்டாப்ல போட்டுக் காட்டறதுக்கு வந்தாரு. இன்னும் வாங்கறதுக்கு ஆள் கெடைக்கல, பேச்சுவார்த்தை நடக்குதாம். நாங்க எல்லாரும், அத்தை உள்பட, பாயைப் போட்டு உக்காந்து பார்த்தோம். அத்தை எடையில ரெண்டு தடவை மூக்கச் சிந்துனாங்க, கேட்டா சளின்னாங்க. படம் முடிஞ்சு பேரெல்லாம் மேல போகுது, ஜல்லி சீன் எப்படி இருந்துச்சுன்னு இவரு சொல்லுவாருன்னு தம்பி மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு.

இவரு ரொம்ப நேரம் தாடையச் சொறிஞ்சுட்டு, "எல்லாம் நல்லாத்தான் தம்பி இருக்குது. அந்த ரெண்டாவது பாட்டுக்கு அப்புறம் ஒரு சீன் வருதுல்ல, அதுல தண்ணித்தொட்டி எடம் மாறி இருக்குது பாருங்க"ன்னாரு.

தம்பி திருப்பி ஓட்டிப் பார்த்தாரு. மாறித்தான் இருந்துச்சு.